அப்பாவும் நானும் ஒரு டெம்போ டிராவலரும்

"வண்டிக்குள்ள பாத்ரூம் இருக்கா?"

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம், அதாவது 2024 நவம்பரிலிருந்து 2025 பிப்ரவரி வரை, பத்து வாரம் ஒரு கேரவனில் குடியிருந்தோம்னு யார்கிட்ட சொன்னாலும் முதல் கேள்வி இதுதான். எந்த ஊருக்குப் போனீங்க, என்ன பார்த்தீங்க எல்லாம் அப்புறம்தான். அதனால் முதலிலேயே பதில் சொல்லிடறேன். இருந்தது. கேசட் டாய்லெட்னு பேர். அடியில் 20 லிட்டர் பெட்டி. ரெண்டு பேருக்கு மூணு நாள் தாங்கும். அப்புறம் அதை உருவி, சூட்கேஸ் மாதிரி இழுத்துக்கிட்டுப் போய், பெட்ரோல் பங்க் கக்கூஸில் (கேட்டுட்டுத்தான்!) கொட்டிக் கழுவணும். முதல் தடவை ரொம்பக் கூச்சமா இருந்தது. நாலாவது தடவை பங்க் பையன் கூடவே வந்து "சார், இது எவ்வளவு விலை?"ன்னு கேட்டான். அதோடு கூச்சம் போச்சு.

சரி, விஷயத்துக்கு வருவோம். யார் அந்த ரெண்டு பேர்? அப்பாவும் நானும்.

அப்பாவுக்கு அப்போ 75. தெற்கு ரயில்வேயில் பாலங்கள் பிரிவில் வேலை பார்த்து 2009ல் ரிட்டையர் ஆனவர். அம்மா போன பிறகு மாயவரம் வீட்டை விற்றுவிட்டு எங்களோடு நொய்டாவில். நுரையீரல் சரியில்லை. சி.ஓ.பி.டி.ன்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார். ராத்திரி மட்டும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், நிமிஷத்துக்கு ஒரு லிட்டர். டெல்லிப் பக்கம் இருக்கிறவங்களுக்கு நவம்பர் பற்றி நான் சொல்லவே வேண்டாம். 2024 நவம்பர் 18 அன்று டெல்லியின் ஏ.க்யூ.ஐ. 490ஐத் தாண்டியது. அந்த அளவுகோலே 500ல் முடிஞ்சுடும். வீட்டுக்குள் மூணு ஏர் ப்யூரிஃபையர் ஓடியும் அப்பா பாத்ரூமிலிருந்து கட்டிலுக்கு வர்றதுக்குள் ரெண்டு இடத்தில் நின்னார். டாக்டர் எந்த மருந்தும் மாத்தலை. "ஜனவரி முடியும் வரை இவரை இங்கே வைக்காதீங்க"ன்னு மட்டும் சொன்னார்.

சொல்றது சுலபம். எங்கே வைக்கறது?

அதுக்கு முந்தின வருஷம் கோயமுத்தூரில் ஒரு ஃப்ளாட் எடுத்து, சமைக்க ஒரு அம்மாவையும் ஏற்பாடு பண்ணி விட்டோம். காற்று நல்லாத்தான் இருந்தது. மனுஷன் இருபத்திரண்டாவது நாள் தானே ஃப்ளைட் டிக்கெட் போடச் சொல்லி வந்துட்டார். "நாலு சுவத்தைப் பார்த்துக்கிட்டு மூச்சு விடறதுக்கு அங்கேயே மூச்சுத் திணறிக்கிட்டு இருக்கலாம்." தம்பி சிங்கப்பூரில். தங்கமணி இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர், பொண்ணு பதினொண்ணாவது. குடும்பத்தோடு ஊரைக் காலி பண்ண வழியில்லை. பொட்டி தட்டற வேலைங்கிறதால நான் ஒருத்தன்தான் நகர முடியும்.

வண்டி யோசனை எங்கள் டீமில் இருந்த ஒரு அமெரிக்கர் மூலமா மனசில் விழுந்தது. ஓய்வு பெற்றதும் மனைவியோடு மோட்டார் ஹோமில் அரிசோனா பாலைவனத்துக்குக் கிளம்பிடுவார். குவார்ட்சைட்னு சின்ன ஊர். வடக்கே பனி கொட்டும் ஊர்க்காரங்க குளிர்காலத்துக்கு வண்டியோடு வந்து இறங்குவாங்களாம், அவங்களுக்குப் பனிப்பறவைகள்னே பேர். அந்த ஊர் பக்கத்தில் அரசாங்க நிலத்தில் செப்டம்பர் 15லிருந்து ஏப்ரல் 15 வரை, ஏழு மாசத்துக்கு 180 டாலர் கட்டினால் போதும் (2024 கணக்கு). தண்ணி பிடிக்க, கழிவு கொட்ட எல்லாம் இடம் உண்டு. நம்ம ஊரில் அப்படி எதுவும் இல்லை. கேரளா, மகாராஷ்டிரா எல்லாம் 2021ல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தது நிஜம், ஆனா அதெல்லாம் ரெண்டு நாள் ரிசார்ட் டூருக்கான சமாசாரம். மூணு மாசம் குடியிருக்கிறவனை மனசில் வைத்து யாரும் எழுதலை.

குர்காவ்னில் டெம்போ டிராவலரை வீடா மாத்தி வாடகைக்கு விடற ஒருத்தர் கிடைச்சார். மாசம் ஒண்ணே கால் லட்சம், டீசல் நம்முது. டிரைவர் இல்லாமல் தரமாட்டேன்னு முதலில் அடம். சாதாரண கார் லைசென்ஸ் வைத்திருக்கிறவங்க 7,500 கிலோவுக்குள் இருக்கும் டிரான்ஸ்போர்ட் வண்டியை ஓட்டலாம்னு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் பெஞ்ச் அந்த நவம்பர் 6ஆம் தேதிதான் உறுதி பண்ணியிருந்தது. செய்தித்தாளை நீட்டினேன். மூணு நாள் அவர் டிரைவர் கூட வர்றது, அப்புறம் நான் ஓட்டறதுன்னு முடிஞ்சது.

அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "தண்ணி டேங்க் எத்தனை லிட்டர்?"

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். நான் சின்னப் பையனா இருந்தப்போ அப்பா வீட்டில் இருந்தது குறைவு. ரயில்வேயில் கேம்ப் கோச்னு ஒண்ணு உண்டு. பழைய பெட்டியை எடுத்து உள்ளே பங்க், அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்து, வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்து ஸ்டேஷன் சைடிங்கில் கொண்டுபோய் நிறுத்திடுவாங்க. பாலத்தில் வேலை முடியும் வரை ஆட்களுக்கு அதுதான் வீடு. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அழுக்குத் துணி மூட்டையோடு வருவார், ரெண்டு நாள் இருப்பார், போயிடுவார். ஸ்கூலில் "உங்கப்பா எங்கேடா?"ன்னா "பெட்டியில"ன்னு சொல்வேன். பதினேழு வயசில் நான் ஹாஸ்டல் போயிட்டேன். ஆக, அப்பாவும் நானும் ஒரே கூரைக்குள் தொடர்ந்து பத்து வாரம் இருந்தது இதுதான் வாழ்க்கையில் முதல் தடவை. அதுவும் என்ன கூரை, பதினேழடி நீளம்!

வண்டியில் ஏறின முதல் நாளே அவர் சார்ஜ் எடுத்துக்கிட்டார். 120 லிட்டர் தண்ணிக்கு ஒரு நோட்டில் கணக்கு. பாத்திரத்தை முதலில் பேப்பரால் துடைக்கணும், அப்புறம்தான் தண்ணி. அடுப்பு வண்டிக்குள் பற்றவைக்கவே கூடாது. 5 கிலோ கேஸ் சிலிண்டர் பின்பக்க வெளிப்பெட்டியில், ஆக்சிஜன் சிலிண்டர் முன்பக்கம். சமையல் எப்பவும் வெளியே மடக்கு மேஜையில்தான். குழம்பு கொதிக்கும்போது ஒட்டகம் வந்து எட்டிப் பார்த்ததெல்லாம் உண்டு.

இட்லி மாவு பற்றிச் சொல்லியே ஆகணும். வடக்கே குளிர்காலத்தில் மாவு புளிக்காமல் படுத்துக்கிட்டு உயிரை வாங்கும் என்பது நம்ம மக்கள் எல்லாருக்கும் தெரியும். ராத்திரி முழுக்க ஓடும் கான்சன்ட்ரேட்டர் ஒரு பக்கமா வெதுவெதுன்னு காற்று விடும். அந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளி மாவுப் பாத்திரத்தை வைத்தார் அப்பா. காலையில் மூடியைத் தள்ளிக்கிட்டு நின்னது. தங்கமணிக்குப் போட்டோ அனுப்பினேன். "மாமாவை ஜனவரியில் எனக்குக் கடன் கொடுங்க"ன்னு பதில் :-)

போன வழி: சாம்பர் ஏரி, பலோடி பக்கம் கீச்சன், ஜோத்பூர், அங்கிருந்து குஜராத்தில் இறங்கி சின்ன ரண், புஜ், மாண்ட்வி. ஒரு நாளில் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினதே இல்லை. காற்று சுத்தம்னு நினைச்சுக் கண்ணை மூடிக்கிட்டு ராஜஸ்தான் போகாதீங்க. ஒரு சின்ன மீட்டர் கையிலேயே வைத்திருந்தேன். ஜோத்பூரில் சாயங்காலம் பி.எம். 2.5 நூறைத் தாண்டினது. தாபாக்களில் ஏழு மணிக்கு மேல் தந்தூர் புகை, குளிருக்குக் கொளுத்தற டயர், குப்பை. நல்ல காற்று வேணும்னா ஊரைவிட்டு நாலு கிலோமீட்டர் தள்ளி நிற்கணும். தள்ளி நின்னால் கரண்ட் கிடையாது. எங்கள் பத்து வாரமும் இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் ஓடினது.

கணக்கு இதுதான். கான்சன்ட்ரேட்டர் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். ராத்திரி ஒன்பது மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 3 யூனிட். ஃப்ரிட்ஜ், விளக்கு, என் லேப்டாப் எல்லாம் சேர்த்தால் நாளைக்கு 4. பேட்டரியில் நிற்கிறது மொத்தமே 5. கூரையில் 800 வாட் சோலார் பலகை. 800 வாட்டைப் பார்த்து மயங்கிடாதீங்க, டிசம்பர் வெயில் சாய்ந்து விழும், பலகை தட்டையாப் படுத்திருக்கும், நல்ல நாளிலேயே இரண்டரை யூனிட்தான். மீதியை வண்டி ஓடும்போது எஞ்சின் கொடுக்கும், இல்லைன்னா எங்கேயாவது பிளக் தேடணும். பெட்ரோல் பங்க், தர்மசாலை, ஒரு தடவை பஞ்சர் கடை. முன்னூறு ரூபாய் நீட்டினால் பாதிப் பேர் வாங்க மாட்டாங்க. அப்பா ஆக்சிஜன்ல இருக்கார்னு சொன்னதும் எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தானே தூக்கிக்கிட்டு வருவாங்க. நான் இதைச் சொல்லிச் சலுகை வாங்கறது அப்பாவுக்குப் பிடிக்காது. ரெண்டு தடவை எங்களுக்குள் சண்டையே வந்தது.

கீச்சனில் அஞ்சு நாள். மங்கோலியா, மத்திய ஆசியாப் பக்கமிருந்து வரும் கொக்கு வகை, இங்கே குர்ஜான்னு சொல்றாங்க. விடியறப்போ ஆயிரக்கணக்கில் இறங்கும். 1970களில் ரத்தன்லால் மாலூ என்பவர் தானியம் போட ஆரம்பித்தது, அப்புறம் ஊர்ச் சமண மக்கள் சேர்ந்து எடுத்து நடத்தறாங்க. அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியலை. நாங்க திரும்பின பிறகு, 2025 ஜூனில், அந்த இடம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அப்பா தினமும் மொட்டை மாடி ஒன்றில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூணாவது நாள் அந்த மாடிக்கு நிக்காமல் ஏறினார். பதினாலு படி. நான் எண்ணினதை அவர் பார்த்துட்டார், ஒண்ணும் சொல்லலை.

சின்ன ரண் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்லணும். மழைக்காலத்தில் தண்ணிக்குள் கிடக்கும் நிலம் அது. அக்டோபரில் வற்ற ஆரம்பித்ததும் அகரியாக்கள் குடும்பத்தோடு உள்ளே போயிடறாங்க. தார்ப்பாயும் சாக்கும் வைத்து ஒரு குடிசை, பக்கத்தில் கிணறு. தரைக்கு அடியிலிருந்து கடல் தண்ணியை விடப் பல மடங்கு கரிக்கும் தண்ணியை இறைச்சுப் பாத்தி பாத்தியாக் காய வைக்கணும். முன்னே டீசல் பம்ப், இப்போ நிறையப் பேர் சோலார். அறுவடை மார்ச், ஏப்ரலில். மறுபடி மழை வந்தால் பாத்தி, குடிசை இருந்த இடம் எல்லாம் அழிஞ்சு போகும், அடுத்த அக்டோபரில் முதலிலிருந்து. இந்தியாவின் உப்பில் முக்கால் பங்கு குஜராத்திலிருந்து, அடுத்த இடம் நம்ம தூத்துக்குடி இருக்கிற தமிழ்நாடு. பழைய அரசு பஸ்ஸை வகுப்பறையா மாத்தி அந்தக் குழந்தைகளுக்காக உள்ளே நிறுத்தியிருக்காங்க. ஒரு பஸ்ஸை வெளியே நின்னு பார்த்தேன். சீட்டெல்லாம் கழற்றி, சுவரில் எழுத்து எழுதி. நாங்க குளிர்காலத்துக்கு வண்டியில் வாழறதைப் பெரிய சாகசம் மாதிரி ஃபேமிலி குரூப்பில் போட்டுக்கிட்டு இருந்தேன். அன்னிக்கு ராத்திரி ஒண்ணும் போடலை.

அங்கேதான் மேகம் பிடிச்சது. டிசம்பர் கடைசி வாரம், வடமேற்கு இந்தியா முழுக்க மழை. டெல்லியில்கூடக் கொட்டித் தீர்த்ததே, அதே மழை. நாங்க காராகோடா பக்கம், ரண் ஓரத்தில். ஈரம் பட்டால் அந்த மண் வழுக்கும் களி, வண்டியை அசைக்க வழியில்லை. ரெண்டு நாள் வெயில் இல்லை. 27ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு பேட்டரி 18 சதவீதம். அரை கிலோமீட்டரில் இருந்த கோயிலின் பூசாரியைக் கேட்டு, அங்கிருந்த லைட் கம்பத்திலிருந்து அவரும் நானுமா ஒயரை முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு... இல்லை, எட்டவில்லை. கடைசியில் கல்லைப் போட்டு, சாக்கைப் போட்டு, வண்டியையே இஞ்சு இஞ்சா நகர்த்தினோம். ஒன்றரை மணி நேரம். பிளக் மாட்டினால் வோல்டேஜ் 165. கான்சன்ட்ரேட்டர் கீ கீன்னு கத்திட்டு நின்னு போச்சு.

அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "மெஷினுக்கு நேரா கொடுக்காதடா. பேட்டரிக்குக் கொடு. அது மெதுவாத் தின்னும், ஆனா தின்னும். அதுவரைக்கும் சிலிண்டரை மாட்டு."

அப்படியே ஆச்சு. பேட்டரி சார்ஜர் அந்த நோஞ்சான் கரண்டையும் ஏத்துக்கிச்சு. சிலிண்டரை மாட்டிட்டு அவர் விரலில் ஆக்சிமீட்டர் வைத்து நான் எதிரில் உட்கார்ந்தேன். 90. 89. 91. 88. 90. வெளியே தகரத்தில் தூறல் மாதிரி கூரையில் மழை. அவருக்கும் தூக்கம் வரலை.

"மண்டபத்துல இப்படித்தான் இருக்கும்"னார். பாம்பன் பாலத்துக்கு மராமத்து. உப்புக் காற்று இரும்பைத் தின்னுடும். மணலை வேகமாப் பீச்சி அடிச்சுத் துரு எடுக்கணும், அப்புறம் பூச்சு. முகத்தில் ஒரு துணி, அவ்வளவுதான் பாதுகாப்பு. காற்று திரும்பினால் துருவும் மணலும் மொத்தமா நம்ம மேலேயே வரும். சாயங்காலம் கோச்சுக்கு வந்து துப்பினா சிவப்பா இருக்குமாம். எத்தனை சீசன்னு கேட்டேன். "எண்ணலை." அப்பா வாழ்நாளில் பீடி, சிகரெட் தொட்டதில்லை. இது எப்படி வந்ததுன்னு டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார், டெல்லிக் காற்றுன்னு நானே பதில் சொல்லிடுவேன். அப்பா பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

"ஏன்ப்பா சொல்லலை?"

"சொன்னா என்ன, வேற நுரையீரல் தருவானா?" அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த வேலையில்தான் உன்னைப் படிக்க வெச்சேன். அதைப்போய் டாக்டர்கிட்ட குத்தமா சொல்லணுமா."

ரெண்டு மணிக்கு பேட்டரி 31. மெஷினுக்கு மாத்தினேன். அவர் தூங்கிட்டார்.

காலையில் பூசாரி டீயோடு வந்தார். பக்கத்துப் பாத்தியில் ஒரு அகரியாப் பெரியவர் கண்ணாடிக் குழாய் மாதிரி ஒன்றைத் தண்ணியில் மிதக்கவிட்டு அளந்துக்கிட்டு இருந்தார். உப்பு விளைய 24 டிகிரி அடர்த்தி வரணும், மழைத் தண்ணி கலந்ததில் இறங்கிப் போச்சுன்னு பூசாரி சொன்னார். எங்களுக்குப் போனது ரெண்டு ராத்திரித் தூக்கம். அவருக்கு எத்தனை வாரம்னு கேட்க எனக்கு வாய் வரலை.

மாண்ட்வியில் மூணு வாரம். பத்து வாரத்தில் நல்ல வாரங்கள் அவைதான். கடல் காற்று, மீட்டரில் முப்பது நாற்பது, விடியக்காலை ஆக்சிமீட்டரில் 94. உ.பி. ஸ்கூல்களுக்குக் குளிர்கால லீவு விட்டதும் தங்கமணியும் பொண்ணும் புஜ் வரை ரயிலில் வந்தாங்க, எட்டு நாள் பக்கத்து லாட்ஜில் ரூம். பொண்ணு தாபேலி தின்னே காலத்தை ஓட்டினாள். அப்பாவுக்கு ருக்மாவதி ஆத்தங்கரைதான் இருப்பிடம். அங்கே இன்னமும் மரக்கப்பல் கட்டறாங்க, மூணு மாடி உயரத்துக்கு, பல நூற்றாண்டா நடக்கிற தொழில். தினமும் நாற்காலியோடு போய் ஆசாரிகளுக்கு எதிரில் உட்கார்ந்துடுவார். அவங்களுக்குக் கச்சி, இவருக்குத் தமிழும் ரயில்வே ஹிந்தியும். ஆணிக்கும் ரிவெட்டுக்கும் என்ன வித்தியாசம்னு சைகையிலேயே ஒரு மணி நேரம் விவாதம் நடந்ததை என் பொண்ணு போனில் பிடிச்சு வைத்திருக்காள்.

பிப்ரவரி முதல் வாரம் நொய்டா திரும்பினோம். மொத்தம் 4,300 கிலோமீட்டர். செலவு, வாடகையும் டீசலும் சேர்த்து நாலு லட்சத்தைத் தாண்டியது. அதுக்கு மாண்ட்வியில் ஒரு வருஷத்துக்கே வீடு எடுத்திருக்கலாம்னு தம்பி கணக்குப் போட்டுச் சொன்னான். சரியான கணக்குத்தான். ஆனா அப்பா சொன்ன கணக்கு வேற: "ஒரு ஊர்ல கொண்டுபோய் உட்கார வெச்சா நான் நோயாளி. வண்டியில இருந்தா டியூட்டியில இருக்கேன்." எல்லா வீட்டுக்கும் இது ஒத்துவரும்னு நான் சொல்ல மாட்டேன். பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாத நாட்கள் இருந்தன, அந்த நாட்களில் நான் சரியாச் சாப்பிட்டதில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் நோய் முத்தினவங்களை இப்படிக் கூட்டிக்கிட்டுப் போக டாக்டரும் சம்மதிக்க மாட்டார்.

2025 ஏப்ரல் 6 அன்று புது பாம்பன் பாலத்தைத் திறந்ததை டிவியில் பார்த்தோம். நடுவில் இருக்கும் பகுதி அப்படியே செங்குத்தாகத் தூக்கிக்கிட்டு மேலே போகுது. பக்கத்தில் பழைய பாலம். 2022 டிசம்பரிலேயே அதில் ரயிலை நிறுத்திட்டாங்க. அப்பா டிவிக்குக் கிட்டே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு, புதுசை விட்டுட்டு அந்தப் பழசையே பார்த்துக்கிட்டு இருந்தார். கேமரா அதைக் காட்டினது ரெண்டே தடவை.

மறுநாள் காலை டைனிங் டேபிளில் அந்தத் தண்ணிக் கணக்கு நோட்டு திறந்து கிடந்தது. புதுப் பக்கம். நொய்டா - மண்டபம், 2,800 கி.மீ., நாளைக்கு 150, 19 நாள்னு எழுதி, கீழே கோடு போட்டிருந்தது. கோட்டுக்குக் கீழே ஒரு கேள்வி: "சோலார் இன்னும் 400 வாட் ஏற்ற கூரை தாங்குமா? ஓனரைக் கேள்."